சம்பந்தி வீட்டு மக்ரோனி சூப்

சர்க்கார் நடத்திய மக்கள் கடை வரிசையில் பால் டின்னுக்காகக் காத்து நின்றவர்கள் நாம். அதனால் உங்களிடம் சொன்னால் புரியும். பிள்ளைகளிடம் சொன்னால் கதை அளக்கிறேன் என்பார்கள். இன்று யாங்கோனில் எந்தப் பெரிய கடைக்குள் நுழைந்தாலும் ஒரு சுவர் முழுக்க மக்ரோனிப் பொட்டலமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் மக்ரோனியைக் கண்ணால் பார்த்தவர்கள் எங்கள் வீட்டுக்காரர்கள் மட்டும்தான். பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது உம்மாவின் உத்தரவு.

வாப்பா கப்பலிலிருந்து திரும்பி வந்த மழைக்காலம் அது. போட்டாதாங்கில், ஸ்ட்ராண்ட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். ஏணி போலச் செங்குத்தான மரப்படி. முன்பக்கத்தில் ஒரு கயிறு தெருவரை தொங்கும். கீழே கிளிப்பில் பத்திரிகையோ வெங்காயப் பையோ மாட்டிவிட்டு மணியை ஆட்டினால் நாங்கள் மேலே இழுத்துக்கொள்வோம். சமையற்கட்டு பின்பக்கம். அதன் ஜன்னலிலிருந்து பார்த்தால் பக்கத்து வீட்டுச் சமையற்கட்டுகள் எல்லாம் தெரியும். அவர்களுக்கும் எங்களுடையது தெரியும். உம்மாவுக்கு அதுதான் பெரிய கவலை.

வாப்பா கப்பலேறியபோது எனக்கு நினைவு தெரியாத வயது. என்னைப் பொறுத்தவரை வாப்பா என்பது சுவரில் மாட்டியிருந்த ஒரு படம். படத்தில் தொப்பியும் வெள்ளைச் சட்டையும். "உங்க வாப்பா கப்பல்ல இன்ஜின் ஆபீசர்" என்று உம்மா சொல்லியிருந்தாள். எங்களுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் நானும் அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வந்தவர் படத்தில் இருந்ததைவிடக் குள்ளமாக இருந்தார். முன்கையில் நிறையச் சூட்டுத் தழும்புகள். தகரப் பெட்டியைத் திறக்கும்போது நானும் ராத்தாவும் முட்டி மோதிக்கொண்டு குனிந்தோம். ராத்தா என் அக்கா, கல்யாண வயது. புடவைத் துணி இருக்கும் என்று நினைத்திருப்பாள். பெட்டியில் இருந்தவை சிப்பி மாதிரிச் சுருண்ட மாவுத் துண்டுகள் நிறைந்த பைகள், எழுத்து புரியாத பாலேட்டு டின்கள், ஒரு சீசாவில் காய்ந்த இலை, துணியில் சுற்றிய கல் போன்ற ஒரு கட்டி. துணியைப் பிரித்ததும் மழையில் நனைந்த செருப்பு நாற்றம். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"சீஸ் அது" என்றார் வாப்பா. "இத்தாலிக்காரர் ஒருத்தர் குடுத்தார். எங்க பெரிய குக்கு."

உம்மா சட்டென்று என்னைப் பார்த்தாள். பிறகு பெட்டியை மூடினாள்.

அந்த வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. இன்ஜின் ஆபீசர் வெங்காயம் நறுக்குவதைப் பார்த்தேன். பலகையில் கத்தி தட்டும் சத்தம் மழைச் சத்தம் போல விடாமல் கேட்டது. வெங்காயம், கேரட், சீனர் கடையில் விற்கும் தடித்த தண்டுக் கீரை, மூன்றையும் பொடிப்பொடியாக நறுக்கி வெண்ணெயில் போட்டு, நிறம் மாறாமல் வதக்கினார். "கருகவிட்டா கதை முடிஞ்சுது" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். கொஞ்சம் மாவு தூவிக் கிளறினார். கோழி எலும்பு வேகவைத்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்தார். தக்காளி. காய்ந்த இலை. சீஸ் கட்டியின் தடித்த தோலைச் சீவி அதையும் உள்ளே போட்டார். குழம்பு கொதித்தவுடன் மக்ரோனி. அது வேகும்போது விடும் கஞ்சியிலேயே சூப்பு தடித்துக்கொள்ளும் என்றார்.

கடைசியில்தான் பாலேடு. அதற்கு முன் இடுக்கியால் அடுப்பிலிருந்து கரித்துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். "தக்காளி புளிப்பு, பாலோட சண்டை போடும். தீ இருந்தா ரெண்டும் பிரிஞ்சிரும். ஆறவிட்டு மெதுவா ஊத்தணும்." சிவப்பாக இருந்த சூப்பு, அவர் கிளறக் கிளற, காலைச் சூரியன் போல ஒரு நிறத்துக்கு வந்தது.

நீல விளிம்பு வைத்த எனாமல் கிண்ணங்களில் ஊற்றிக் கொடுத்தார். அந்தக் கிண்ணங்கள் பிறகு எங்கே போயின என்று தெரியவில்லை. சூப்பு வாயில் பட்டதும் அடுத்த கரண்டிக்கு அவசரப்பட்டேன். சோறு தின்றது போல வயிறு நிறைந்தது. மழையில் பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்து வந்த உடம்பு உள்ளேயிருந்து காய்ந்தது. ராத்தா இரண்டாவது கிண்ணத்தையும் வழித்துவிட்டு, "வாப்பா, இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டாள். அவர் ஒரு இத்தாலியப் பெயர் சொன்னார். எங்களுக்கு நாக்கு புரளவில்லை. மக்ரோனி சூப்பு என்றே வைத்துக்கொண்டோம்.

அவர் சமைக்கும்போதெல்லாம் உம்மா பின்ஜன்னலைச் சாத்திவிடுவாள். உள்ளே புழுங்கும், வியர்வை சொட்டும். ஒருநாள் கீழ்வீட்டுப் பர்மாக்கார அம்மாள் மேலே வந்துவிட்டாள். அத்தை என்பது போல அவளை நாங்கள் அடோ என்போம். "என்ன வாசனை இது, மாடிப்படியெல்லாம் மணக்குது" என்று பர்மியில் கேட்டாள். "பிள்ளைக்குச் சளி. கஷாயம்" என்றாள் உம்மா. கையில் கிண்ணத்தோடு நின்ற நான் இருமிக் காட்டினேன். அடோ சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். உம்மா சிரிக்கவில்லை. வாப்பா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சமையல்காரன் என்பதை மறைக்க இத்தனை பாடா என்று அப்போது நினைத்தேன். வெகுகாலம் கழித்து, உம்மா படுக்கையில் விழுந்த பிறகுதான் ராத்தாவிடம் காரணத்தைச் சொன்னாள். சமையல் வேலை அவளுக்குக் கேவலமாகப் படவில்லை. வெள்ளைக்காரன் கப்பலில் பன்றிக்கறி சமைப்பார்கள். அதைத் தொட்ட கை என்று தெரிந்தால் நம் ஆட்களில் யார் இந்த வீட்டில் பெண் எடுப்பார்கள் என்ற பயம். அந்தப் பயத்தில் வாப்பா கப்பலேறிய அன்றே அவரை இன்ஜினுக்கு மாற்றிவிட்டாள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

யாங்கோனின் இன்னொரு பகுதியான லத்தாவிலிருந்து ராத்தாவுக்குச் சம்பந்தம் வந்தது. ஜவுளி மொத்த வியாபாரம், நம் தமிழ்நாட்டுக் கடற்கரைப் பக்கத்து ஆட்கள்தான், நல்ல குடும்பம். மாப்பிள்ளையின் வாப்பாவையும் உம்மாவையும் லத்தா மாமா, லத்தா மாமி என்று நாங்கள் அப்போதே அழைக்கத் தொடங்கிவிட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

உம்மா பிரியாணிக்கு வெளியே சொல்லிவைத்தாள். எங்கோ இரவல் வாங்கிய கோட்டு ஒன்றை வாப்பாவுக்கு மாட்டிப் பார்த்தாள். தோள் தொங்கியது. "கப்பலைப் பத்திக் கேட்டா, இன்ஜின் சத்தத்துல காது மந்தமாயிருச்சுன்னு சொல்லிருங்க. மேற்கொண்டு பேச வேணாம்" என்றாள். வாப்பா தலையை ஆட்டினார்.

அன்று பார்த்து வானம் உடைந்தது. ஆற்றில் கடல் ஏற்றம் வேறு. தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர். பிரியாணி தேக்சாவை ஏற்றிய வண்டி எங்கேயோ மாட்டிக்கொண்டுவிட்டது. உம்மா முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடந்தாள். வருகிறவர்களுக்கு வைக்க வீட்டில் ஊறவைத்த தேயிலை லப்பேயும் தேநீரும் தவிர ஒன்றுமில்லை. கோழி இருந்தது. மக்ரோனி இருந்தது.

வாப்பா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "அடுப்பை மூட்டு" என்றார்.

"வேணாங்க."

"பசியோட வர்றவங்களைப் பசியோடவா அனுப்புவே?"

உம்மா அடுப்பை மூட்டினாள். முடித்துவிட்டுக் கை கால் கழுவிக் கோட்டு மாட்டிக்கொள்ள நேரம் இருக்கும் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். லத்தாக்காரர்கள் மழைக்குப் பயந்து சீக்கிரமே கிளம்பி வந்துவிட்டார்கள். படியேறிய மாமிக்குக் காலெல்லாம் சேறு. "கால் கழுவ எங்கேம்மா?" என்று கேட்டுக்கொண்டே நேராகப் பின்பக்கம் போய்விட்டாள். உம்மா பின்னால் ஓடினாள். நான் உம்மாவின் பின்னால்.

வாப்பா கைலியைத் தூக்கிக் கட்டி, பனியனோடு, தோளில் துண்டு, நெற்றியில் கரியோடு அடுப்புக்கு முன் நின்றார். மாமி அவரைப் பார்த்தாள். சட்டியைப் பார்த்தாள்.

"சமையலுக்கு ஆள் வச்சிருக்கீங்களா?"

உம்மாவின் வாய் திறந்தது, மூடியது. அப்புறம் அவள் குரல் வந்தது. "ஆமாங்க. இன்னிக்கு மட்டும்."

"பொண்ணோட வாப்பா?"

"கப்பல் ஆத்து முகத்துலயே நிக்குதுங்க. இந்த மழையில உள்ள வர முடியலையாம்."

நான் வாப்பாவைப் பார்த்தேன். அவர் உம்மாவைப் பார்க்கவில்லை. குனிந்து, சுடு தண்ணீர்ச் செம்பை எடுத்து மாமியின் பக்கம் நீட்டினார். "கழுவிக்கங்கம்மா" என்றார். வேலைக்காரர்கள் கூப்பிடும் அந்த அம்மா.

நம்மில் எத்தனையோ பேர் வீட்டில் சண்டை பார்த்திருப்போம், அடி உதை பார்த்திருப்போம். அதெல்லாம் மறந்துவிடுகிறது. அந்த 'அம்மா'வை என்னால் மறக்க முடியவில்லை. இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

விரிப்பில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். வாப்பாவே கொண்டுவந்து வைத்தார். ஒரே கையில் கிண்ணங்களை வரிசையாக அடுக்கி, ஒரு துளி சிந்தாமல், ஒவ்வொன்றின் விளிம்பையும் துண்டால் துடைத்து. லத்தா மாமா ஒரு வாய் எடுத்தார், கரண்டியை உற்றுப் பார்த்தார், பிறகு கிண்ணம் காலியாகும்வரை நிமிரவில்லை.

"எந்த ஊருப்பா உனக்கு?"

"இங்கதானுங்க. போட்டாதாங்."

"நல்ல கை."

மாமி சூப்பைக் கிளறிக் கிளறிப் பார்த்தாள். "என்ன கறி இது?"

"கோழிங்கம்மா. இந்த வீட்டுலயே அறுத்தது."

அதற்குப் பிறகுதான் மாமியும் சாப்பிட்டாள். மாமா இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக்கொண்டார். ராத்தா முக்காட்டோடு வந்து தேநீர்த் தட்டை வைத்தாள். கோப்பைகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தமிட்டன. பெண் வெட்கப்படுகிறாள் என்று அவர்கள் சிரித்தார்கள். புறப்படும்போது மாமி உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. வெள்ளிக்கிழமை மௌல்மேன்லேருந்து எங்க சொந்தக்காரங்க வர்றாங்க. இந்த ஆளை ஒருநாள் எங்க வீட்டுக்கு அனுப்புங்க. இதே சூப்பை வைக்கட்டும்."

"அனுப்புறேங்க" என்றாள் உம்மா.

படியில் அவர்கள் காலடி ஓய்ந்தது. வாப்பா சட்டியைத் தேய்க்கத் தொடங்கினார். ராத்தாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நிக்காஹ் அன்னிக்கு எனக்கு வலியா யாரும்மா உக்காருவா? அந்தச் சமையல்காரரா?"

பெண்ணின் வாப்பா வலியாக, அவளுக்குப் பொறுப்பாளராக உட்கார்ந்து சம்மதம் கொடுத்தால்தானே நிக்காஹ். உம்மா அதை யோசிக்கவே இல்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. "அதுக்குள்ள எதையாவது சொல்லிக்கலாம்" என்றாள். சொல்லிவிட்டுச் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

"வெள்ளிக்கிழமை நான் போறேன்" என்றார் வாப்பா, சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "சின்னவளைத் துணைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

உம்மா தலை நிமிர்ந்தாள்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்பே லத்தாவுக்குப் போனோம். மடியில் மக்ரோனிப் பை, பாலேட்டு டின்கள். மிதிவண்டியோடு ஒட்டிய சைக்கா இருக்கையில் வாப்பாவின் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்துகொண்டு தெருவைப் பார்த்தேன். கருவாட்டுக் கடை, தங்கக் கடை, வறுத்த வாத்து தொங்கும் கடை. வழியில் வாப்பா எனக்குப் பொரித்த மாவு வாங்கிக் கொடுத்தார். யாரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று அவர் சொல்லித் தரவே இல்லை. உம்மாவோடு எங்கே போனாலும் அந்தப் பாடம் இருக்கும். இவர் ஏன் சொல்லவில்லை என்று எனக்குப் பயமாக இருந்தது.

லத்தா வீட்டுச் சமையற்கட்டு பெரியது. நான் ஒரு மூலையில் உட்கார்ந்து பூண்டு உரித்தேன். முன்கூடத்தில் ஆண்களின் சிரிப்புச் சத்தம். தொழுகை முடிந்து வந்தவர்கள் பசியோடு இருந்தார்கள். மாமி அடிக்கடி எட்டிப் பார்த்தாள். வேலை மும்முரத்தில் என்னைச் சரியாகக் கவனிக்கவில்லை. "உன் பிள்ளையாப்பா?" என்று மட்டும் ஒருமுறை கேட்டாள். "எம் மவதான்" என்றார் வாப்பா.

அவர் அகப்பையைக் கழுவத் திரும்பியிருந்தார். வேறொரு அடுப்பில் தேநீருக்கு வைத்த பால் மேலே ஏறியது. நான் எழுந்து கத்தினேன். "வாப்பா! பால் பொங்குது!"

அப்போது லத்தா மாமா வாசலில் நின்றிருந்தார். கையில் ஒரு தட்டு, அதில் புதுக் கைலி, மேலே ஒரு பொட்டலம். வேலை முடியும்போது கொடுக்கக் கொண்டுவந்திருக்கிறார். அவர் என்னைப் பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விசிறி கொடுத்தவள் நான். பெண்ணின் தங்கச்சி என்று சொல்லி என் தலையைத் தடவியிருந்தார்.

"இது..." என்றார். பிறகு வாப்பாவைப் பார்த்தார்.

வாப்பா முதலில் பாலை இறக்கி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். மாமா எதையோ புரிந்துகொள்ளாமலிருக்க முயன்றவர் போல, தட்டை அவரிடம் நீட்டினார்.

வாப்பா வாங்கவில்லை. "சம்பந்தி வீட்டுல கூலி வாங்கக் கூடாதுங்க" என்றார்.

நான் போய் அவர் கைலிக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"கப்பல் ஆத்து முகத்துல நிக்கலைங்க. நான் வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆகுது. இன்ஜின் ஆபீசரும் இல்ல. குக்கு. அன்னிக்கு எங்க வீட்டுக்காரிக்குப் பதட்டத்துல வாய் தவறிப் போச்சு. அப்புறம் தூக்கமே இல்ல அவளுக்கு. நேர்ல போய் உண்மையைச் சொல்லி மாப்பு கேட்டுட்டு வாங்கன்னு அவதான் அனுப்பினா."

நான் நிமிர்ந்து பார்த்தேன். உம்மா அப்படி எதுவும் சொல்லவில்லை. அது பொய். எங்கள் வீட்டுப் பொய்களிலேயே வாப்பா சொன்னது அது ஒன்றுதான்.

மாமி வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அவள் முகம் சிறுத்தது. "கப்பல்ல பன்னியும் சமைச்சிருப்பீங்களே?"

"சமைச்சிருக்கேங்க" என்றார் வாப்பா. "கை தொட்டது. வாய் தொடல. இந்தச் சட்டி, அகப்பை எல்லாம் உங்க வீட்டுது. கோழியும் நீங்க அறுத்தது. அதுக்கு மேல நான் சொல்ல எதுவும் இல்ல."

முன்கூடத்திலிருந்து யாரோ சாப்பாட்டுக்குக் குரல் கொடுத்தார்கள். மாமி சட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மாமா தட்டைத் தரையில் வைத்தார். அடுக்கிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து வாப்பாவிடம் நீட்டினார்.

"ஊத்துங்க சம்பந்தி" என்றார். "என் வீட்டுக்கு வந்த உங்களை அடுப்படியில நிக்க வச்சுட்டேனே."

அங்கேயே நின்றபடி அதைக் குடித்து முடித்தார். பிறகு வாப்பாவின் கையைப் பிடித்து, கரியும் பனியனுமாக, முன்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். "பொண்ணோட வாப்பா" என்று மௌல்மேன்காரர்களிடம் சொன்னது உள்ளேவரை கேட்டது. மாமி அன்று சூப்பைத் தொடவில்லை. மரிக்கும்வரை அவள் வாப்பா சமைத்த எதையும் தொடவில்லை. ஆனால் கல்யாணத்தைத் தடுக்கவும் இல்லை.

நான் 'வாப்பா' என்று கத்தியதால்தான் எல்லாம் உடைந்தது என்று பல வருஷம் நினைத்திருந்தேன். எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. பூண்டு உரிக்க அவருக்கு ஆள் தேவையில்லை. அந்த வீட்டார் ஏற்கெனவே பார்த்த ஒரு முகத்தை, தன்னை வாப்பா என்று கூப்பிடும் ஒரு பிள்ளையை, அவர் கூட்டிக்கொண்டு போனார். தானாக வாயைத் திறந்து மனைவியைப் பொய்க்காரி என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உம்மா வாசலிலேயே கேட்டாள். "என்ன சொன்னாங்க?"

"கொஞ்சம் உப்பு கம்மியாம்" என்றார். பிறகு, "கவலைப்படாதே, தெரிஞ்சுக்கிட்டாங்க. என்னையே வலியா உக்காரச் சொல்லிட்டாங்க" என்றார். எப்படித் தெரிந்தது என்று உம்மா கேட்கவில்லை. கேட்கும் தைரியம் அவளுக்கு இருந்திருக்காது. நானும் சொல்லவில்லை.

மழை ஓய்ந்ததும் நிக்காஹ் நடந்தது. வாப்பா ஆலிமுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ராத்தாவைக் கொடுத்தார். அதன்பின் கோட்டைக் கழற்றிவிட்டுப் பந்திப் பக்கம் போய்விட்டார். அவரால் சும்மா உட்கார முடியாது.

லத்தா மாமா பெண்கள் இருந்த திரைக்கு அருகே வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி உம்மாவிடம் சொன்னார். "சம்பந்தியம்மா, உங்க ஒருத்தருக்காகத்தான் இந்தக் கல்யாணம். வாய் தவறிச் சொன்னதை நீங்களே ஆள் அனுப்பித் திருத்துனீங்க பாருங்க. அந்த மனசு யாருக்கு வரும்? உங்க வீட்டுக்காரர் எல்லாத்தையும் சொன்னார்."

பெண்கள் எல்லோரும் திரும்பி உம்மாவைப் பார்த்தார்கள். யாரோ மாஷா அல்லாஹ் என்றார்கள்.

நான் அவள் பக்கத்தில் இருந்தேன். அவள் ஏச்சு வாங்கிப் பார்த்திருக்கிறேன், அழுது பார்த்திருக்கிறேன். புகழைக் கேட்டு ஒரு முகம் அப்படிச் செத்துப்போனதை அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. முக்காட்டை இழுத்து விட்டாள். என்னை ஒருமுறை பார்த்தாள். அவள் ஆள் அனுப்பவில்லை என்பது எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. நான் தரையைப் பார்த்தேன்.

பிறகு எழுந்தாள். திரையை விலக்கிக்கொண்டு ஆண்கள் பக்கம் நடந்தாள். நம் வீட்டுப் பெண்கள் அப்போது அப்படி நடக்க மாட்டார்கள். பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. வாப்பா தேக்சா பக்கத்தில் நின்று, யாருக்கு என்ன வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் துண்டு. உம்மா அவர் முன்னால் போய் நின்று, கூட்டம் முழுக்கக் கேட்கும் குரலில் கேட்டாள்.

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல" என்றார் அவர்.

அவள் அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அவரை விரிப்பில் உட்காரவைத்தாள். தானே தட்டு வைத்து, சோறு அள்ளிப் போட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அத்தனை பேர் பார்க்க அங்கேயே நின்றாள்.